நாளாகமத்தில் விட்ட ஒன்பது அதிகாரம்

எங்கள் சபையில் வேதம் வாசிக்க என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் பக்தி அல்ல. வாசிக்கத் தெரிந்த மற்ற ஆண்கள் தீர்ந்துபோயிருந்தார்கள், அவ்வளவுதான். ஒருவர் சிங்கப்பூருக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். ஒருவர் டைபாய்டில் போனார். வெள்ளைக்காரப் பாதிரியாரை ஜப்பான்காரன் வந்த முதல் மாதமே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மிச்சம் இருந்தது வயதான உபதேசியாரும், சபையில் பாட்டு நடத்துகிற பாட்டுக்காரரும், நானும். பாட்டுக்காரர் சங்கீதத்தைத் தவிர வேறெதையும் வாசிக்கமாட்டார். உபதேசியார் குனிந்து வணங்கத் தாமதித்தார் என்று காவல் சிப்பாய் ஒருவன் விட்ட அறையில் மூக்குக்கண்ணாடி இரண்டு துண்டாகிவிட்டது. மலாக்காவில் அப்போது புதுக் கண்ணாடி கிடைக்காது. ஆக, கடவுளுடைய வார்த்தை எங்கள் பேட்டையான காஜா பெராங்கில் என் வாய் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. கடவுளுக்கு அது எப்படி இருந்ததோ, சபைக்குப் பெரிய கஷ்டமாகத்தான் இருந்தது.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வருடக் கடைசியிலும் சென்னையிலிருந்து கப்பலில் ஓர் அச்சடித்த தாள் வரும். எந்த நாள் எந்த அதிகாரம் படிக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். பகுதித் தாள் என்போம். வீட்டுக்கு ஒன்று. விடிகிற நேரத்தில் எல்லா வீட்டிலும் அன்றைய அதிகாரத்தைச் சத்தமாகப் படிப்பார்கள். பிறகு ஜெபவீட்டில் கூடி அதையே சபையாக ஒரு தடவை கேட்பார்கள். கல்யாண வீட்டுக்கும் அதேதான், சாவு வீட்டுக்கும் அதேதான். அன்றைக்குப் பார்த்து சாவு வீட்டில் பலி ஆட்டின் கொழுப்பை எப்படி எரிப்பது என்று வந்தாலும் அதைத்தான் படிக்க வேண்டும். மாற்றக் கூடாது. ஏனென்றால் பக்கத்து ஊரான பத்து பெரெண்டாமில் இருக்கும் நம் ஆட்களும், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் ஆட்களும் அதே நேரத்தில் அதையேதான் படித்துக்கொண்டிருப்பார்கள். யாராவது வெளியூர் கிளம்பினால் நாங்கள் "கடிதம் போடு" என்று சொல்லமாட்டோம். "பகுதியை விட்டுடாதே" என்போம். எங்களுக்கு அதுதான் கடிதம்.

ஜப்பான்காரன் வந்த வருடத்துக்கான தாள் எப்படியோ முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. அடுத்த வருடத்துக்குக் கப்பல் இல்லை. உபதேசியார் என்னைக் கூப்பிட்டார். அவர் திருநெல்வேலிக்காரர். நாற்பது வருடம் இங்கே இருந்தும் பேச்சு மட்டும் கப்பலிலிருந்து இறங்கவே இல்லை.

"ஏல, நீ ஆபீஸ்ல கோடு போட்டு எழுதுதவன்தான? நீயே எழுதிரு."

"நானா? ஐயா, நான் கொசுவுக்கு அட்டவணை போடுறவன்."

"கொசுவையும் அவருதாம்ல படைச்சாரு. எழுது."

நான் சொன்னது உண்மைதான். நகரச் சுகாதார ஆபீசில் எந்தச் சாக்கடையில் எத்தனை கொசுப் புழு என்று பதிகிற குமாஸ்தா நான். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த வேலைக்காக என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள், ஜப்பான்காரன் அதே வேலையில் என்னை வைத்துக்கொண்டு அரிசி கொடுத்தபோது சிரிப்பை நிறுத்தினார்கள். ஆபீசில் பழைய பாரங்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அவற்றின் பின்பக்கத்தில் பகுதித் தாளைக் கையால் எழுதினேன். வார நாட்களுக்கு ஆதியாகமம் தொடங்கி வரிசையாக நாளுக்கு ஓர் அதிகாரம். ஞாயிறுக்கும் பண்டிகைக்கும் மட்டும் என் இஷ்டம்.

இஷ்டம் என்று ஒன்றை என் கையில் கொடுத்தால் நான் சும்மா இருப்பேனா? நான் வாசிக்கிற ஞாயிறுகளில் எல்லாம் இரண்டே வசனம் உள்ள நூற்றுப் பதினேழாம் சங்கீதம் வந்தது. நான் பாடுவதைத் தவளை என்று சொன்ன பாட்டுக்காரர் வாசிக்கிற ஞாயிறுக்கு நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதம் வந்தது. நூற்று எழுபத்தாறு வசனம். மனிதர் நின்றுகொண்டே படித்தார். நூறு தாண்டியதும் முழங்கால் ஆடியது. மூன்று மாதமாக மரவள்ளிக் கிழங்கு தின்ற உடம்பு. ஓடிப்போய் நான்தான் நாற்காலி போட்டேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நான் அக்கா வீட்டில் இருந்தேன். இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, சமைக்கத் தெரியாது. பெண் கொடுக்க யாரும் வராததற்கு யுத்தத்தைக் காரணம் காட்ட முடிந்ததில் எனக்கு ஒரு மரியாதை கிடைத்திருந்தது. அத்தான், அதாவது அக்காவின் புருஷன், ரோடு போடுகிற இலாக்காவில் மண்டோர். முப்பது ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். ஆறடி ஆள். ஆனால் படிப்பு கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு அக்காதான் அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தாள், அதுவும் இந்தத் தினப் பகுதியை வைத்தே. காலையில் அக்கா ஒரு வசனம், அவர் ஒரு வசனம். விரலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தார் ஊற்றி உருளை ஓட்டுகிற மாதிரி படிப்பார். ஒரு வசனம் முடிந்தால் மூக்கை உறிஞ்சுவார். அது முற்றுப்புள்ளி.

பேர்கள் வந்தால்தான் அவருக்கு ஆபத்து. வேதத்தில் வருகிற நீளமான பேர்களில் தடுக்கி விழுந்துவிடுவார். நான் சுவரோரம் படுத்தபடி, "அத்தான், அந்த ஆளையும் உங்க கேங்குல சேர்த்துக்குங்க, பேர் கூப்பிடறதுக்குள்ள சம்பள நாள் வந்துடும்" என்பேன். அவர் தலையணையை என் மேல் எறிவார். அக்கா, "படிக்கிற எடத்துல என்ன வெளாட்டு?" என்று இரண்டு பேரையும் திட்டுவாள். எங்கள் வீட்டு ஆராதனை இப்படித்தான் நடக்கும்.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள் என்று முதலில் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்தார்கள். பிறகு டவுனுக்கும் வந்தார்கள். மூன்று மாத வேலை, அரிசி, துணி, திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்றார்கள். ரோடு போடத் தெரிந்தவர்கள் பட்டியல் இலாக்காவில் தயாராகவே இருந்தது. அத்தான் பேர் முதல் பக்கத்தில். என்னையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்ன சிப்பாய் என் நெஞ்சுக்கூட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். போ என்று விரலால் தள்ளினான். ஒரு சாம்ராஜ்யமே வேண்டாம் என்று தள்ளிய உடம்பு இது. நான் அதை வைத்து அன்று வீட்டில் வேடிக்கை காட்டினேன். அத்தானும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"மூணு மாசம்னு சொல்றாங்க," என்றாள் என்னிடம். "நீ ஒன்றரை வருஷத்துக்குப் பகுதி எழுதிக் கொடு. அவர் கொண்டுபோகட்டும்."

"எதுக்குக்கா அவ்வளவு?"

"எழுதுன்னா எழுதுடா."

அத்தான் தன்னுடைய சின்ன வேதத்தை எடுத்துக்கொள்வது என்றும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே அதிகாரத்தைப் படிப்பது என்றும் முடிவானது. கடிகாரத்தை நம்பமுடியாது. அதை ஜப்பான்காரன் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டிருந்தான். சூரியனை அவனால் திருப்ப முடியவில்லை. அதனால் கிழக்கு வெளுக்கும்போது என்று பேசிக்கொண்டார்கள்.

மத்தியான நேரங்களில் ஆபீசிலேயே உட்கார்ந்து அந்தப் பிரதியை எழுதினேன். அடுத்த வருடத் தொடக்கத்துக்கு வந்தபோது முதலாம் நாளாகமம் வந்தது. வேதத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். முதல் ஒன்பது அதிகாரம் முழுக்கப் பேர்கள்தான். இவன் பிள்ளை அவன், அவன் பிள்ளை இவன். ஒன்பது அதிகாரத்துக்கும் வேறு எதுவும் நடக்காது. எனக்கு அத்தான் சயாம் காட்டில் விரலை வைத்துக்கொண்டு அந்தப் பேர்களில் தடுக்கி விழுவது கண்ணில் வந்தது. தலையணை எறிய நானும் பக்கத்தில் இருக்கமாட்டேன். பாவம், மனிதருக்கு எதற்கு இந்தத் தண்டனை என்று அந்த ஒன்பதையும் விட்டுவிட்டு, பத்தாம் அதிகாரத்தை முன்னால் இழுத்துப் போட்டேன். அதன் பிறகு வந்த எல்லாம் ஒன்பது நாள் முன்னால் வந்தன. சனிக்கிழமை அவர் கிளம்பும்போது இதைச் சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும், அக்காவுக்கு என்று எழுதி வைத்திருந்த தாளிலும் அந்த ஒன்பதை அடித்துவிட வேண்டும் என்பது என் திட்டம். என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே நல்ல திட்டம் அது.

லாரி வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. நான் ஆபீசில் புழு எண்ணிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்தபோது அக்கா மட்டும் இருந்தாள்.

"தாளை எடுத்துக்கிட்டாரா?" என்று கேட்டேன்.

"அதைத்தான் மொதல்ல எடுத்தார். சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டார்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அன்று சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் காலை சொல்லலாம் என்று இருந்தேன்.

மறுநாள் காலை, கிழக்கு வெளுக்கும்போது, அக்கா பாயை விரித்து உட்கார்ந்தாள். ஒரு வசனம் படித்தாள். நிறுத்தினாள். அடுத்த வசனத்துக்கு உரிய நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அதற்கு அடுத்த வசனத்தைப் படித்தாள். அத்தானுடைய வசனங்களை அவள் படிக்கவில்லை. அவருக்கு விட்டு வைத்தாள். எழுத்து எழுத்தாக அவர் எவ்வளவு நேரம் எடுப்பாரோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள். ஒரு இடத்தில் லேசாகச் சிரித்து, "இதுல இன்னிக்கு மாட்டிக்கிட்டார்" என்றாள்.

நான் சொல்லவில்லை. இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறதே, அதற்குள் ஆளே வந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று மாதம் ஆயிற்று. ஆறு மாதம் ஆயிற்று. ஒரு துண்டுச் சீட்டு வரவில்லை. போன ஆட்கள் யாரும் வரவில்லை. சபையில் பதினாலு பேர் மிச்சம் இருந்தோம், அதில் பாதிப்பேருக்குக் கால் வீங்கியிருந்தது. அக்காவின் வளையல் முழங்கை வரை ஏறிவிழுந்தது. ஆனால் விடிந்தால் அவள் உட்காருவாள். பிறகு அன்று முழுக்க, கிழங்கு தோண்டும்போதும் துணி அலசும்போதும், "அந்த வசனத்துக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் தெரியுமா?" என்று பேச்சு வரும். பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டி அம்மாள் ஒருத்தி இருந்தாள். இந்துதான், தமிழ் தெரியாது, வீட்டில் பேசுவது மலாய். அக்காவின் விடியற்காலைச் சத்தத்தை வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கேட்டு, புருஷனிடமிருந்து வரும் சூராட்டை, அதாவது கடிதத்தை, தினமும் படிக்கிறாள் என்றே நினைத்திருந்தாள். ஒரு நாள் என்னை நிறுத்தி, "உன் அக்கா கொடுத்துவைத்தவள், என் மருமகன் சயாமிலிருந்து ஒன்றுகூடப் போடவில்லை" என்று மலாயில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். அன்று தெரியாதவனைப் போலத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

வருடம் திரும்பியது. ராஜாக்களின் புத்தகம் முடிந்துகொண்டிருந்தது. நாளாகமத்துக்கு இரண்டு வாரம்தான். எனக்குச் சோறு, அதாவது கிழங்கு, இறங்கவில்லை. அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அத்தான் வேறு அதிகாரத்தில் இருப்பார். அவருடைய வசனத்துக்கு என்று அக்கா காத்திருக்கும் அந்த இடைவெளியில் அவர் இருக்கமாட்டார். இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

உண்மையைச் சொல்வதைத் தவிர மற்ற எல்லா வழியையும் யோசித்தேன். அப்படி யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. சபை முழுவதையுமே ஒன்பது நாள் முன்னால் தள்ளிவிட்டால் என்ன? சபையோடு அக்காவும் நகர்வாள். அத்தான் இருக்கிற இடத்துக்கு எல்லோரும் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

உபதேசியாரிடம் போனேன். "ஐயா, நாளாகமத்துல அந்தப் பேர் வர்ற அதிகாரத்தை எல்லாம் விட்டுடலாமே. பசியில ஜனங்க படிக்க முடியாது."

"பசிச்சா பேரை விட்டுருவியோ? ஆண்டவர் ஒவ்வொருத்தன் பேரையும் எழுதி வெச்சிருக்காரு. நீ அடிப்பியோ? போல."

அந்த வழி அடைத்ததும் எனக்கு ஒரு பொய் வந்தது. பொய்க்கு மட்டும் எனக்கு எப்போதும் தட்டுப்பாடு வந்ததில்லை. குரலைத் தாழ்த்தி, "ஐயா, ஆபீஸ்ல காதுல விழுந்துச்சு. யாரோ ஜப்பான்காரன்கிட்ட சொல்லியிருக்காங்க, நாம காலையில ஆள் பேர் வாசிக்கிறோம்னு. பேர்ப் பட்டியலை வெச்சுக்கிட்டு ரகசியமா ஆள் சேர்க்கிறோம்னு நினைச்சா?" என்றேன்.

அந்தக் காலத்தில் இதை விடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் ஆட்கள் காணாமல் போனார்கள். உபதேசியாரின் முகம் மாறியது. மடியிலிருந்து உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்து வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "நல்ல வேளை சொன்னலே" என்றார். "உனக்குப் புண்ணியமாப் போவும்."

எனக்குக் கிடைத்த புண்ணியம் இப்படித்தான். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு நாலு வீட்டுக்கும் போய், ஒவ்வொரு வீட்டுத் தாளிலும் ஒன்பது வரியை நானே அடித்து, தேதிகளை மாற்றி எழுதினேன். பாட்டுக்காரர் வீட்டில் பயத்தில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியாக எங்கள் வீடு. அக்காவின் தாளில் பென்சிலை வைத்தேன்.

அவள் என் கையைப் பிடித்தாள்.

"என்ன பண்றே?"

சொன்னேன். சபை முழுக்க மாறுகிறது, உபதேசியாரே ஒத்துக்கொண்டார், ஆபத்து என்று அதே பொய்.

"சரி. சபை மாத்திக்கட்டும்," என்றாள். "அவருக்கு யாரு சொல்றது?"

நான் பென்சிலைத் தாளிலிருந்து எடுத்தேன்.

"அங்க அவர் ஒத்தையா உக்காந்து பேர் பேரா எழுத்துக் கூட்டிக்கிட்டு இருப்பார். நான் இங்க தாண்டிப் போயிடணுமா? நான் மாட்டேன். நான் மெதுவாவே படிச்சுக்கிறேன், வெளியில கேக்காது."

சபையைக் கிளப்பிக்கொண்டு போய் அத்தான் பக்கத்தில் உட்கார வைத்தேன். பாட்டுக்காரர் வந்தார், உபதேசியார் வந்தார், காது கேட்காத கிழவர் ஒருவர்கூட வந்தார். வரவேண்டியவள் ஒருத்திதான், அவள் மட்டும் வரவில்லை. அவருக்காகவே வரவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அக்கா, அவர் தாளில் அந்த ஒன்பதும் இல்லை, நான்தான் விட்டுவிட்டேன்" என்று ஒரே ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தை ஒன்றே முக்கால் வருடம் நான் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்கள் காலைகள் இப்படி ஆயின. கிழக்கு வெளுக்கும்போது அக்கா தன் அதிகாரத்தைப் படிப்பாள். குரல் குறைந்து வெறும் காற்றாகிவிட்டது. நான் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்திருப்பேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. கண் சொருகிவிடும். பிறகு எழுந்து ஜெபவீட்டுக்கு ஓடி, சபைக்கு ஒன்பது நாள் தள்ளி இருக்கிற அதிகாரத்தை வாசிப்பேன். ஒரே காலையில் இரண்டு இடம். அக்கா படித்த அதிகாரத்தில் ஒரு ராஜா செத்தால், ஜெபவீட்டில் அவன் பேரன் ஆண்டுகொண்டிருப்பான். ஒரு நாள் குழம்பிப்போய் சபையில் அக்காவின் அதிகாரத்தையே வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். "இது போன வாரம் வந்துச்சே" என்றார் பாட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். பின்பெஞ்சில் இருந்த அக்கா மட்டும் நிமிர்ந்து, தன் வேதத்தைத் திறந்து, விரலை வைத்தாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். தனக்காகவே யாரோ வாசிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

எழுதிக் கொடுத்த தாள் முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. "முடிஞ்சா அடுத்ததை வரிசையா படிச்சுட்டே போகணும்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள்.

ஜப்பான்காரன் போனான். வாழைமரம் போட்ட அவனுடைய செல்லாத நோட்டுகளைப் பிள்ளைகள் காற்றில் விட்டார்கள். வெள்ளைக்காரன் மறுபடி வந்தான். சயாமிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களைப் பார்த்தால் வந்துவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றாது. அக்கா அத்தானின் வேட்டியைத் துவைத்து மடித்து வைத்தாள். நான் அந்த நாட்களில் செய்த ஜெபத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். அவர் வர வேண்டும் என்று முதலில் கேட்டேன். வந்ததும் இரண்டு பேரும் எந்த நாள் எந்த அதிகாரம் என்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூடாது என்று அடுத்து கேட்டேன். இரண்டில் எதை அதிகமாகக் கேட்டேன் என்று கடவுளுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தானுடைய கேங்கில் இருந்த ஓர் ஆள் வந்தான். செங் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரன். ஒரு கால் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளே வரமாட்டேன் என்றான். புண் நாறும் என்றான். அக்கா உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசினான்.

"மண்டோரம்மா, அவரு இல்லம்மா."

அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"எப்போ?" என்றாள்.

"போயி ரெண்டு மாசங்கூட ஆவல. மழ புடிச்சுச்சு. காலரா வந்துச்சு. எங்க கொட்டாயில ஒரே வாரத்துல பாதிப்பேரு. சாவுறதுக்கு மொத நாளு வரைக்கும் காலையில எழுப்பி ஒக்கார வெச்சு எங்களுக்கெல்லாம் வேதம் படிச்சாரும்மா. எழுத்து எழுத்தாத்தான் படிப்பாரு. ஒரு வரி படிப்பாரு, அப்பறம் பேசாம இருப்பாரு. 'என்னா மண்டோரே, நின்னுட்டீங்க'ன்னு கேப்போம். 'இரு, அவ படிச்சுக்கிட்டு இருக்கா'ம்பாரு."

"எந்தத் தேதி?"

"அங்க ஏதும்மா தேதி."

அக்கா உள்ளே போய்த் தன் தாளை எடுத்துவந்தாள். அந்த மாதங்களின் மேல் விரலை வைத்தாள். விரல் கீழே இறங்கியது, மறுபடி மேலே வந்தது. எந்த வரியிலும் நிற்க இடம் கிடைக்கவில்லை.

அப்போது எனக்குள் வந்த முதல் உணர்ச்சியை எழுதாமல் இந்தக் கதையை முடிக்க எனக்கு உரிமை இல்லை. நிம்மதி. நாளாகமம் வருவதற்கு எத்தனையோ மாதம் முன்னாலேயே அவர் செத்துவிட்டார். உயிரோடு இருந்தவரை இருவரும் ஒரே அதிகாரத்தில்தான் இருந்தார்கள். என் தப்பு நடக்கவே இல்லை. அத்தான் செத்த செய்தியைக் கேட்ட அந்த இடத்திலேயே, அந்த ஆளின் கால் புண்ணுக்கு எதிரிலேயே, நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். என்னைப் பற்றி நானே எத்தனையோ வேடிக்கை செய்திருக்கிறேன். இதை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த ஆள் கிழங்கு தின்றுவிட்டுப் போனான். அக்கா தாளை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். என்னைக் கேட்டாள்.

"அப்போ இத்தனை நாளா என்கூட யாருடா படிச்சது?"

ஊரே படித்தது அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதுகூட உண்மை இல்லை. ஊரை நான்தான் நகர்த்திவிட்டேன். அவளை மட்டும் அந்தப் பழைய வரியில் விட்டுவிட்டு எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனவன் நான். சொல்லிவிட்டேன். ஆபீசில் உட்கார்ந்து ஒன்பது அதிகாரத்தை விட்டது, ஏன் விட்டேன் என்பது, வெள்ளிக்கிழமை லாரி, உபதேசியாரிடம் சொன்ன பொய், பென்சில், எல்லாம்.

"அப்போ அவரும் இல்ல. சபையும் இல்ல," என்றாள் முடிவில்.

"நான் இருந்தேனேக்கா. தினமும் பக்கத்துல உக்காந்திருந்தேனே."

"நீ தூங்கினே."

கோபமாகச் சொல்லவில்லை. யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போலச் சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் என்றைக்கும் பேசவில்லை.

மறுநாள் நான் அவளுக்கு முன்னால் எழுந்தேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. பாயை விரித்து, வேதத்தை எடுத்து, அவள் முந்தின நாள் படித்து நிறுத்தியிருந்த இடத்தைத் திறந்தேன். அது எனக்குத் தெரிந்தது. தூங்கிக்கொண்டே கேட்டிருந்தாலும் தெரிந்தது. கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து முடியை முடிந்துகொண்டு வந்தாள்.

"நான் படிக்கட்டுமாக்கா? ஒரு வசனம் நான், ஒரு வசனம் நீ."

"வேண்டாம்," என்றாள். "தண்ணி எடுத்து வை."

வேதத்தை மூடி வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றடியில் நின்று இறைத்தேன். வாளி நிறைந்த பிறகும் கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன். நன்றாக விடிந்துவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து அக்கா படிக்கிற சத்தம் எதுவும் வரவில்லை.